நாய்க்கடிக்கு மருந்து கண்ட லூயி பாஸ்டர்

நாய் கடித்துவிட்டதா? உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். ஊசி போட்டுக் கொள்கிறோம். பிழைத்துக் கொள்கிறோம்.

1885-ம் ஆண்டுக்கு முன் இந்த வழி உலகில் எந்த நாட்டிலும் இல்லை. வெறிநாய் கடித்து நோய் கண்டுவிட்டால் அரசனும் சாக வேண்டியதுதான். ஆண்டியும் சாக வேண்டியதுதான்.

இந்த ஊசியை உலகத்துக்குக் கொடுத்தவர் லூயி பாஸ்டர். அவர் டாக்டர் அல்ல. மிருக வைத்தியரும் அல்ல. ரசாயனம் படித்த வாத்தியார். அதுவும், இடது கையும் இடது காலும் சரியாக விளங்காத வாத்தியார்!

அவருடைய வாழ்க்கை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை. நாய், பூனை வளர்ப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

தோல் பதனிடுபவர் மகன்

பாஸ்டர் பிரெஞ்சு நாட்டுக்காரர். 1822-ம் ஆண்டு டிசம்பர் 27-ந் தேதி டோல் என்ற ஊரில் பிறந்தார்.

தகப்பனார் நெப்போலியன் படையில் போர் வீரராக இருந்தவர். பிறகு தோல் பதனிடும் தொழில் செய்தார். பணக்காரக் குடும்பம் அல்ல. ஆனால் மகனை எப்படியும் படிக்க வைத்துவிட வேண்டும் என்பது தகப்பனாரின் ஆசை.

லூயி குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் ஆர்புவா என்ற ஊருக்குக் குடிபோயிற்று. லூயி அங்கேதான் வளர்ந்தான். படிப்பில் சுமார்தான். படம் வரைவதில் கெட்டிக்காரன். தாய், தகப்பன், அக்கம்பக்கத்தார் எல்லோரையும் வரைந்து தள்ளினான்.

கொல்லன் பட்டறை

1831-ம் ஆண்டு. லூயிக்கு வயது 8.

வெறி பிடித்த ஓநாய் ஒன்று அந்த வட்டாரத்துக்குள் புகுந்தது. கண்ணில் பட்டவர்களை எல்லாம் கடித்துக் குதறியது.

கடிபட்டவர்களைக் கொல்லன் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஏன் தெரியுமா? அன்று அதுதான் வைத்தியம்! உலையில் இரும்பைச் சிவக்கக் காய்ச்சுவார்கள். கடிவாயில் வைத்துச் சுடுவார்கள். விஷம் எரிந்துபோகும் என்று நம்பினார்கள்.

அந்த அலறல் ஊரெல்லாம் கேட்டது. சிறுவன் லூயியும் கேட்டான். அவ்வளவு கொடுமையைத் தாங்கியும் பலர் பிழைக்கவில்லை. நோய் கண்டு செத்தார்கள்.

இந்தக் காட்சி லூயியின் மனதை விட்டுப் போகவே இல்லை. அதற்கு விடை காண அவருக்கு 54 ஆண்டுகள் பிடித்தன.

விடாமுயற்சி

பாஸ்டர் பெரிய படிப்புக்காகப் பாரிஸ் நகரம் சென்றார். அங்கே பெயர் பெற்ற ஆசிரியர் கல்லூரி ஒன்று உண்டு. அதற்கு 1842-ல் தேர்வு எழுதினார். தேறிவிட்டார். ஆனால் வரிசையில் பின்னால்தான் இடம் கிடைத்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை. சேர மறுத்துவிட்டார்! இன்னும் ஓர் ஆண்டு படித்தார். மறுபடியும் எழுதினார். முன்வரிசையில் தேறினார். அதன் பிறகுதான் சேர்ந்தார்.

முதல் தேர்வுகளில் ரசாயனத்தில் அவர் வாங்கிய மதிப்பு மிகச் சுமார். பிற்காலத்தில் அதே ரசாயனத்தில்தான் உலகப் புகழ் பெற்றார்.

1849-ல் திருமணம் நடந்தது. மனைவி மேரி கெட்டிக்காரி. பகலெல்லாம் குடும்பத்தைக் கவனிப்பார். இரவில் கணவர் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுப்பார்.

பாலும் பாஸ்டரும்

பாஸ்டர் லீல் நகரக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். அந்த ஊரில் பீட்ரூட்டில் இருந்து சாராயம் காய்ச்சும் முதலாளி ஒருவர் இருந்தார். சரக்கு அடிக்கடி கெட்டுப்போயிற்று. அவர் பாஸ்டரிடம் ஓடிவந்தார்.

பாஸ்டர் பூதக்கண்ணாடிக் கருவியில் வைத்துப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அதில் இருந்தன. நல்ல சரக்கில் ஒருவகை. கெட்ட சரக்கில் வேறுவகை. பண்டம் தானாகக் கெடுவதில்லை. கிருமிதான் அதைக் கெடுக்கிறது என்று கண்டார்.

ஓர் அளவுக்குச் சூடு காட்டினால் அந்தக் கிருமி செத்துப்போகும் என்றும் கண்டார். இன்று நாம் வாங்கும் பாக்கெட் பாலைக் காய்ச்சிக் குளிரவைக்கும் முறைக்குப் பாஸ்டர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள்.

மேலும் மேலும் துன்பம்

பண்டத்தைக் கிருமி கெடுக்கிறது. அப்படியானால் மனிதனுக்கு நோய் வருவதும் கிருமியால்தானோ? இந்தக் கேள்வி பாஸ்டரைப் பிடித்துக் கொண்டது.

அவர் வீட்டிலேயே நோய் புகுந்து விளையாடியது. பாஸ்டருக்கு 5 குழந்தைகள். மூத்த பெண் 1859-ல் டைபாய்டு காய்ச்சலில் இறந்தாள். அவளுக்கு வயது 9. 1865-ல் 2 வயதுக் குழந்தை இறந்தது. அடுத்த ஆண்டே 12 வயது மகளையும் டைபாய்டு கொண்டுபோயிற்று.

1868-ல் அவரையே பக்கவாதம் தாக்கியது. அப்போது வயது 45. இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. பிழைக்கமாட்டார் என்று எண்ணினார்கள். பாஸ்டர் பிழைத்தார். ஆனால் சாகும்வரை காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தார்.

வேறு ஒருவராக இருந்தால் மூலையில் உட்கார்ந்திருப்பார். பாஸ்டரின் மிகப் பெரிய வேலைகள் பல இதற்குப் பிறகு நடந்தவைதான்!

கோழியும் ஆடும்

கோழிகளைக் கொல்லும் ஒரு நோயைப் பாஸ்டர் ஆராய்ந்தார். அதன் கிருமியைக் குடுவையில் வளர்த்தார். நாள்பட்டுப்போன கிருமியைக் கோழிக்கு ஊசி மூலம் போட்டபோது கோழி சாகவில்லை. பிறகு அதே கோழிக்கு வீரியமான கிருமியைப் போட்டார்கள். அப்போதும் சாகவில்லை!

நோஞ்சான் கிருமியோடு முதலில் மல்லுக்கட்டிப் பழகிய உடம்பு, பயில்வான் கிருமி வந்தாலும் தோற்பதில்லை. இதுதான் பாஸ்டர் கண்ட இரகசியம். அம்மைக்கு ஜென்னர் என்ற ஆங்கில டாக்டர் முன்பே ஒரு வழி கண்டிருந்தார். அந்த வழியை மற்ற நோய்களுக்கும் திறந்துவிட்டவர் பாஸ்டர்.

ஆடு மாடுகளை அடைப்பான் நோய் அள்ளிக்கொண்டு போய்க் கொண்டிருந்தது. அதற்கும் தடுப்பு மருந்து செய்தார். பலர் நம்பவில்லை, கேலி செய்தார்கள். எல்லோரும் பார்க்கச் சோதனை நடத்தத் தயாரா என்று ஒரு மிருக வைத்தியர் சவால் விட்டார். பாஸ்டர் ஒப்புக்கொண்டார்.

1881-ம் ஆண்டு மே மாதம் சோதனை நடந்தது. 24 ஆடுகளுக்குத் தடுப்பு ஊசி போட்டார்கள். வேறு 24 ஆடுகளுக்குப் போடவில்லை. மாத முடிவில் எல்லா ஆடுகளுக்கும் வீரியமான கிருமியைக் கொடுத்தார்கள்.

ஜூன் 2-ந் தேதி கூட்டம் கூடியது. ஊசி போடாத ஆடுகள் வரிசையாகச் செத்துக் கிடந்தன. மிச்சம் இருந்தவையும் அன்று மாலைக்குள் விழுந்தன. ஊசி போட்ட ஆடுகள் புல் மேய்ந்து கொண்டிருந்தன!

வெறிநாயின் வாயருகே

இனி, மனதில் கிடந்த பழைய கடனைத் தீர்க்க வேண்டும். வெறிநாய்க்கடி!

1880-ம் ஆண்டு முடிவிலேயே பாஸ்டர் இந்த வேலையைத் தொடங்கிவிட்டார். முன்னாள் ராணுவ மிருக வைத்தியர் ஒருவர் வெறி பிடித்த நாய்களைக் கொடுத்து உதவினார்.

வெறிநாயின் எச்சிலில் விஷம் இருக்கிறது. அதை எடுக்க வேண்டுமே! நாயை மேசை மீது கட்டிப் பிடித்துக் கொள்வார்கள். பாஸ்டர் கண்ணாடிக் குழாயை வாயில் வைத்துக் கொண்டு நாயின் வாயருகே குனிவார். எச்சிலை உறிஞ்சி எடுப்பார். ஒரு சொட்டு வாய்க்குள் போனாலும் ஆபத்து. கை நடுங்காமல் செய்தார்.

இந்த நோயின் கிருமி மிக மிகச் சிறியது. அன்றைய கருவிகளில் அது தெரியவே இல்லை. கண்ணால் காணாத எதிரியோடு பாஸ்டர் போரிட்டார்!

விஷம் நடந்து போகிறது

பாஸ்டரும் அவர் உதவியாளர் ரூ என்ற டாக்டரும் ஓர் உண்மையைத் தெளிவாக்கினார்கள். இந்த நோய் குடியிருக்கும் இடம் மூளையும் முதுகுத் தண்டு நரம்பும்தான்.

கடித்த இடத்தில் இருந்து விஷம் உடனே மூளைக்குப் பாய்ந்துவிடுவதில்லை. நரம்பு வழியாக மெல்ல மெல்ல நடந்து போகிறது. சில வாரம் ஆகலாம். சில மாதமும் ஆகலாம். மூளையை அடைந்துவிட்டால் முடிந்தது கதை. தண்ணீரைக் கண்டால் தொண்டை இறுகும். காற்றுப் பட்டாலும் உடம்பு துடிக்கும். அதன் பிறகு பிழைப்பது இன்றைக்கும் அபூர்வத்திலும் அபூர்வம்.

விஷம் நடந்து போகிறது. மருந்து ஓடிப்போய் முந்திக் கொண்டால்? பாஸ்டரின் திட்டம் இதுதான்.

நோய் கண்ட முயலின் முதுகுத் தண்டு நரம்பை எடுத்தார். ஈரம் இழுக்கும் மருந்து போட்ட குடுவையில் தொங்கவிட்டார். நாள் ஆக ஆக விஷத்தின் வேகம் குறைந்தது. 14 நாளில் அநேகமாக அடங்கிவிட்டது.

அதைக் கரைத்து நாய்க்கு ஊசி போட்டார். அடுத்த நாள் கொஞ்சம் வேகம் கூடிய மருந்து. அதற்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம். இப்படிப் பழக்கிய நாய்களை வெறி நோய் பிடிக்கவில்லை. நாய்களை இந்த நோய் பிடிக்காமல் காக்க முடியும் என்பதை 1884-ல் அரசாங்கக் குழு ஒன்று சோதித்துப் பார்த்து ஒப்புக்கொண்டது.

நாட்டில் உள்ள எல்லா நாய்களுக்கும் ஊசி போட்டுவிட்டால் நோயே இருக்காது. ஆனால் பிரான்சில் அப்போது பல லட்சம் நாய்கள் இருந்தன. அந்த மருந்தைப் பல நாள், பல முறை போட வேண்டும். ஆகவே, கடிபட்ட மனிதரைக் காப்பாற்ற முடியுமா என்று பார்த்தார்.

வாசலில் ஒரு தாய்

1885-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி. பாஸ்டர் வீட்டு வாசலில் ஒரு தாய் வந்து நின்றாள். கையில் 9 வயது மகன். பெயர் ஜோசப் மைஸ்டர். ஊர் அல்சேஸ் பகுதியில் ஒரு கிராமம். இரண்டு நாளைக்கு முன் பள்ளிக்கூடம் போகிற வழியில் வெறிநாய் கடித்திருந்தது. உடம்பில் 14 காயங்கள். பையனால் நடக்கவே முடியவில்லை.

பாஸ்டருக்கு மனம் பதறியது. மருந்தை மனிதருக்குப் போட்டு வழக்கம் இல்லை. மருந்தே பையனைக் கொன்றுவிட்டால்? போடாமல் விட்டால் நோய் கொன்றுவிடுமே!

இரண்டு டாக்டர்களைக் கலந்தார். போட்டுப் பார்ப்பதே சரி என்று அவர்கள் கூறினார்கள். பாஸ்டர் டாக்டர் அல்லவே! அவர் ஊசி போடக்கூடாது. டாக்டர் கிரான்ஷே போட்டார்.

10 நாட்களில் 13 ஊசிகள். நாளுக்கு நாள் மருந்தின் வேகம் ஏறியது. பையன் விளையாடிக் கொண்டிருந்தான். பாஸ்டர்தான் இரவெல்லாம் தூங்காமல் தவித்தார்.

ஜோசப் பிழைத்தான்! ஜூலை 27-ந் தேதி ஊருக்குத் திரும்பினான்.

பாஸ்டரின் குறிப்பு நோட்டுகளைப் பிற்காலத்தில் ஆராய்ந்தார்கள். மைஸ்டருக்குப் போட்ட அதே முறையை நாய்களிடம் அவர் முழுமையாகச் சோதித்து முடிக்கவில்லை என்று தெரிந்தது. அவ்வளவு பெரிய துணிச்சல் அது! இன்று எந்த நாட்டுச் சட்டமும் அதற்கு இடம் கொடுக்காது.

தாமதமாக வந்த சிறுமி

அதே ஆண்டு அக்டோபரில் ழுப்பிய் என்ற 15 வயது இடையன் வந்தான். சிறு பிள்ளைகளைக் காப்பாற்றுவதற்காக வெறிநாயோடு கட்டிப்புரண்டு அதைக் கொன்றவன். கடிபட்டு 6 நாள் ஆகியிருந்தது. பாஸ்டர் பிறந்து வளர்ந்த மலைப்பக்கத்துப் பையன். அவனும் பிழைத்தான்.

நவம்பர் 9-ந் தேதி 10 வயதுச் சிறுமி ஒருத்தியைக் கொண்டுவந்தார்கள். தலையில் கடி. தலை என்றால் மூளை பக்கத்திலேயே இருக்கிறது. கடித்து எத்தனை நாள் ஆயிற்று தெரியுமா? 37 நாள்!

மருந்து முந்தாது என்று பாஸ்டருக்குத் தெரியும். சிறுமி இறந்தால் மருந்தால் இறந்தாள் என்று எதிரிகள் தூற்றுவார்கள் என்பதும் தெரியும். பெற்றோர் கதறினார்கள். மூன்று பெண் குழந்தைகளைப் பறிகொடுத்தவர் அல்லவா! மறுக்க மனம் வரவில்லை. ஊசி போடச் சொன்னார்.

டிசம்பர் 3-ந் தேதி சிறுமி இறந்தாள். பாஸ்டர் அவள் படுக்கை அருகில் இருந்து கண்ணீர் விட்டார்.

1886 மார்ச் மாதம் தொடங்கும்போது 350 பேருக்குச் சிகிச்சை நடந்திருந்தது. இறந்தது இந்தச் சிறுமி ஒருத்திதான். அவளைக் கொன்றது மருந்து அல்ல. கடந்துபோன 37 நாள்.

ஏழையின் காசு

அந்த மார்ச் மாதமே ரஷ்யாவில் இருந்து 19 பேர் வந்தார்கள். வெறி ஓநாய் கடித்தவர்கள். அவர்களில் 16 பேர் பிழைத்தார்கள். சிறுவயதில் கண்ட ஓநாய்க்குப் பாஸ்டர் பதில் சொல்லிவிட்டார்!

நாடெங்கும் இருந்து பணம் வந்து குவிந்தது. ரஷ்யச் சக்கரவர்த்தியும் கொடுத்தார். கூலிக்காரரும் கொடுத்தார். அந்தப் பணத்தில் பாரிசில் பாஸ்டர் நிலையம் எழுந்தது. 1888-ம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி திறந்தார்கள். நோயால் பாஸ்டரின் குரல் மங்கிப் போயிருந்தது. அவர் எழுதிய பேச்சை மகன்தான் வாசித்தார்.

1895-ம் ஆண்டு செப்டம்பர் 28-ந் தேதி பாஸ்டர் மறைந்தார். வயது 72. அவருடைய உடல் அந்த நிலையத்திலேயே அடக்கமாகி இருக்கிறது. அவர் பிழைக்க வைத்த ஜோசப் மைஸ்டர் பெரியவனானதும் அங்கேயே காவல்காரராக வேலை பார்த்தார்.

நம் நாட்டிலும் பாஸ்டர் பெயரில் நிலையம் உண்டு. நீலகிரியில் குன்னூரில் இருக்கிறது. 1907-ல் தொடங்கியது.

நாம் செய்ய வேண்டியது

பாஸ்டர் காலத்தில் முடியாமல்போன காரியம் ஒன்று இன்று முடியும். நாய்களுக்கே ஊசி போட்டு நோயை ஒழிப்பது! இன்றைய மருந்தில் அத்தனை ஊசி தேவை இல்லை. ஓர் ஊரில் 100 நாய்களில் 70 நாய்களுக்கு ஊசி போட்டால் போதும். நோய் பரவுவது நின்றுவிடும். பல நாடுகள் இப்படித்தான் நாய் வெறியை ஒழித்தன.

குட்டிக்கு 3 மாதம் ஆனதும் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். டாக்டர் சொல்கிற நாளில் மறு ஊசியும், பிறகு ஆண்டுதோறும் ஊசியும் போடுங்கள். பூனைக்கும் போட வேண்டும். பூனைக்கு வெறி வராது என்று எண்ணுவது தவறு.

நாயைத் தெருவில் கண்டபடி அலையவிடாதீர்கள். சாதுவான நாய் காரணம் இல்லாமல் கடிக்கிறதா? குரைக்கும் குரல் மாறிவிட்டதா? எச்சில் ஒழுகுகிறதா? பின்னங்கால் தள்ளாடுகிறதா? எச்சரிக்கை! சில நாய்கள் வெறியோடு ஓடாது. இருட்டு மூலையில் சும்மா படுத்திருக்கும். அதுவும் வெறிநோயாக இருக்கலாம். வாயில் எலும்பு சிக்கியிருக்கிறதோ என்று கையை விட்டுப் பார்க்காதீர்கள்.

தின்னும் நாய், தூங்கும் நாய், குட்டி போட்ட நாய் ஆகியவற்றிடம் போகக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

நாயோ பூனையோ கடித்தால், பிறாண்டினால், புண்ணில் நக்கினால், முதல் வேலை கழுவுவது. சோப்புப் போட்டு, குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பிப்பொடி, மஞ்சள் எதையும் வைக்காதீர்கள்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசு ஆஸ்பத்திரியில் ஊசி இலவசம். முன்காலம்போல் தொப்புளைச் சுற்றி ஊசி போடுவது இல்லை, கையில்தான் போடுகிறார்கள். இரத்தம் வந்த காயமாக இருந்தால் கடிவாயிலேயே போடும் மருந்தும் உண்டு. டாக்டரிடம் கேளுங்கள். கடித்த நாயை 10 நாள் கவனிப்பது நல்லதுதான். ஆனால், நாய் சாகிறதா பார்ப்போம் என்று ஊசியைத் தள்ளிப் போடாதீர்கள். எத்தனை ஊசி சொன்னார்களோ, அத்தனையும் போட்டுக் கொள்ளுங்கள்.

முக்கியமான ஒன்று. அடி விழும் என்று பயந்து பிள்ளைகள் நாய் கடித்ததை மறைப்பது உண்டு. எது நடந்தாலும் திட்டமாட்டோம், அடிக்கமாட்டோம், உடனே சொல் என்று இன்றைக்கே பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

பாஸ்டர் மறைந்த செப்டம்பர் 28-ந் தேதியை உலக வெறிநோய்த் தடுப்பு நாளாகக் கொண்டாடுகிறார்கள். இத்தனை காலம் ஆன பிறகும், இந்த நோயால் உலகில் ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் இறக்கிறார்கள். அவர்களில் பலர் பிள்ளைகள். மருந்து இல்லாமல் அல்ல. நேரத்தில் மருந்து போடாமல்!

விஷம் நடந்துதான் போகிறது. நாம் ஓடினால் போதும், முந்திவிடலாம்.